சந்தனமும் வெங்காயச் சருகும்

அம்மா இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பிறகு வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். மறுபடி இடது, மறுபடி வலது. சுவரில் இரண்டு அட்டைகளை ஒட்டி வைத்திருந்தேன். ஒன்றில் சந்தன நிறம். இன்னொன்றில் சின்ன வெங்காயத்தின் காய்ந்த சருகு நிறம்.

"பழைய கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். புதுக் கண்ணுக்கு ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ். எந்தக் கண் சொல்வதை நீ கேட்கப் போகிறாய்?" என்றாள்.

கார்த்திகையில் வலக்கண்ணில் புரை நீக்கி லென்ஸ் வைத்திருந்தார்கள். இடக்கண்ணுக்குத் தை கடைசியில் நாள் குறித்திருந்தது. இடையில் இருந்த இந்த மார்கழியில்தான், பொங்கலுக்குள் அம்மாவின் அறைக்கு வண்ணம் அடித்து முடித்துவிட வேண்டும் என்று இறங்கினேன். இரண்டு கண்ணுக்கும் இரண்டு உலகம் தெரிந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் இதைத் தொடங்கியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது பிறகுதான் புரிந்தது. ஓர் அறைக்கு நிறம் தேர்ந்தெடுக்க எனக்கு 11 நாள் பிடித்தது. அத்தனை நாளும் தேவைப்பட்டன என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் வீடு மதுரையில், பழைய ஒற்றைத் தள வீடு. அம்மாவின் அறை வடமேற்கு மூலை. 12 அடிக்கு 11 அடி, உயரம் 10 அடி. வடக்கில் ஒரு ஜன்னல், மேற்கில் ஒரு ஜன்னல். தரை சிவப்பு ஆக்சைடு, அம்மா ஐம்பது வருடமாகத் துடைத்துத் துடைத்து மெருகேறியது. அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முழங்கால் வலி வந்த பிறகு பகலில் பெரும்பகுதி அந்த அறையில்தான் இருக்கிறாள். ஒரு நாளில் பத்து மணி நேரம் ஒரு மனுஷி பார்க்கப் போகிற சுவர் அது. அதற்கு எந்த நிறமானால் என்ன என்று கேட்டவர்களுக்கு என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் கடைக்குப் போய் ஷேட் கார்டு வாங்கி வந்தேன். விசிறி போல விரிகிற அந்த அட்டைக் கட்டில் வெதுவெதுப்பான நிறங்களுக்கு மட்டும் பல இதழ்கள். முதல் நாளே பலவற்றைக் கழித்துவிட்டோம். வெண்ணெய் நிறம் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியை நினைவூட்டியது. மாம்பழ மஞ்சள் கல்யாண மண்டபம். செம்மண் நிறத்தில் சின்ன அறை இன்னும் சுருங்கும். கடைசியில் நின்றவை இரண்டு. அட்டையில் இரண்டுக்கும் ஏதோ ஆங்கிலப் பெயர்கள். ஒரு பெயரும் நிறத்தைச் சொல்லவில்லை. அம்மா கண்ணுக்குப் பட்டதைச் சொன்னாள்: ஒன்று சந்தனம், ஒன்று வெங்காயச் சருகு. மாந்தளிர், அரக்கு, மயில் கழுத்து, கனகாம்பரம், கத்தரிப்பூ என்று பொருளின் பெயராலேயே நிறத்தைச் சொல்லிப் பழகிய நாக்கு அது. அந்தப் பெயர்களில் இருக்கிற துல்லியம் எந்தக் கார்டிலும் இல்லை என்பது என் கட்சி. கனகாம்பரம் என்றால் எந்த ஆரஞ்சு என்று நமக்கு எண் தேவையில்லை.

இரண்டு அட்டைகளையும் கைப்பேசியில் படமெடுத்துச் சென்னையில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். "இரண்டும் ஒன்றுதானே அக்கா?" என்றான். அவன் மேல் தவறில்லை. கைப்பேசிக் கேமரா எந்த வெளிச்சத்தில் எடுத்தாலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டத் தானாகவே நிறத்தைத் திருத்திவிடுகிறது. நாம் பார்க்க விரும்பும் நுணுக்கமான வித்தியாசம் அந்தத் திருத்தத்தில்தான் கரைந்துபோகிறது. ஆனால் கேமராவை ஒரு காரியத்துக்கு மட்டும் நம்பலாம். அதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். இரண்டும் ஒரே சாம்பல். அப்படியென்றால் ஒன்று வெளிர், ஒன்று அடர்த்தி என்ற பேச்சே இல்லை. அறையின் வெளிச்சத்தை இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் திருப்பித் தரும். வேற்றுமை எல்லாம் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில், அந்த ஒரு பொட்டு இடத்தில் இருந்தது.

அந்தப் பொட்டு எது என்பதைக் கடையிலேயே பார்த்துவிட்டேன். சோதிக்க ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் கலந்து தரச் சொன்னபோது, கலக்கும் எந்திரத்தின் திரையில் அளவுகள் வந்தன. இரண்டுக்கும் ஒரே வெள்ளை பேஸ், ஒரே மூன்று சாயங்கள்: மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, துளியிலும் துளியாகக் கறுப்பு. சந்தனத்தில் மஞ்சள் கூட. சருகில் சிவப்பு கூட. இரண்டு ஆக்சைடும் இரும்புதான். மஞ்சள் காவியில் இரும்போடு நீரின் கூறும் கட்டுண்டு இருக்கிறது. அதைச் சுட்டால் நீர் போய்விடும். மிஞ்சுவது சிவப்புக் காவி. கோயில் மதில்களில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்துப் பட்டையாக இருப்பதும், எங்கள் தரையில் இருப்பதும் அந்தச் சிவப்புதான். ஆக, அம்மா கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே இரும்பின் இரண்டு நிலைகளை. நீர் இருக்கும் இரும்பா, நீர் போன இரும்பா? இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த இரண்டு டப்பாக்களையும் தூக்கி வரும்போது எனக்கு ஏதோ பெரிய வேலை செய்வது போன்ற நிறைவு.

துணிக்கடையில் புடவை எடுக்கும்போது நாம் எல்லாரும் செய்வது ஒன்று உண்டு. பிடித்த புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போய், வெயிலில் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம். கடைக்காரரும் தடுக்க மாட்டார். கடை விளக்கில் அரக்காகத் தெரிந்தது வாசலில் மரூன் ஆகும் என்பது அவருக்கும் தெரியும். ஆறு கஜத்துக்கு இத்தனை எச்சரிக்கையாக இருக்கும் நாம், 400 சதுர அடிச் சுவரைக் கடை ட்யூப் லைட்டின் கீழ் இரண்டு அங்குல அட்டையைப் பார்த்துத் தீர்மானித்துவிடுகிறோம். சுவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போக முடியாது. ஆனால் அட்டையைச் சுவருக்குக் கொண்டுவரலாம். இரண்டடிக்கு ஒன்றரையடி வெள்ளை அட்டைகள் நான்கு வாங்கி, ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டு, நிறத்துக்கு இரண்டு அட்டையாக இரண்டு கை அடித்தேன்.

சுவரிலேயே அடித்துப் பார்க்கவில்லையே என்று பலர் கேட்டார்கள். பழைய நிறத்தின் மேல் புது நிறத்தைத் தீற்றிப் பார்ப்பதைப் போல ஏமாற்றுவது வேறில்லை. எங்கள் சுவரில் அப்போது இருந்தது வெளிறிய நீலம். அதன் நடுவில் சந்தனத்தைப் பூசினால் நீலம் அதை ஆரஞ்சாகத் தள்ளிக் காட்டும். பாரிஸில் கோப்லான் நெசவுச் சாலையில் சாயப் பொறுப்பில் இருந்த வேதியியலாளர் செவ்ரல், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதைத்தான் கண்டுபிடித்தார். கறுப்பு நூலில் சாயம் ஏறவில்லை, வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் நூலைச் சோதித்தார். சாயம் நன்றாகவே இருந்தது. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கச் செய்தன. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தைத் தன்னிடமிருந்து விலக்கித் தள்ளுகிறது என்ற அந்த விதியை அவர் 1839இல் விரிவாக எழுதி வெளியிட்டார். ஒட்டிய அட்டைகளிலும் அதுவே நடந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது சந்தனம் சருகைப் பிடித்து ரோஜாவாகத் தள்ளியது. சருகு சந்தனத்தை எலுமிச்சைப் பக்கம் தள்ளியது. அடித்து முடித்த அறையில் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். மற்றதைப் பார்க்கவே போவதில்லை. அதனால் மூன்றாம் நாள் முதல் ஒரு நாளைக்கு ஒரு நிறம் என்று மாற்றிவிட்டேன். இன்று சந்தனம் மட்டும், நாளை சருகு மட்டும்.

இந்த இடத்தில் மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டியவர். சின்ன வயதில் நார் மட்டையால் சுண்ணாம்பு அடித்துத் தொழில் பழகியவர். நான் அட்டையில் பூசிவிட்டு ஈரத்தோடு பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "இப்போது பார்க்காதே அம்மா. சுண்ணாம்பு காய்ந்தால் வெளுக்கும், எமல்ஷன் காய்ந்தால் கறுக்கும். நாளைக்குப் பார்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. சுண்ணாம்புத் தண்ணீர் ஈரத்தில் கண்ணாடி மாதிரி அடிச்சுவரைக் காட்டும்; காயக் காயத்தான் வெள்ளை ஏறும். எமல்ஷன் ஈரத்தில் பால் கலந்தது போல வெளிறி இருக்கும்; காயும்போது ஒரு படி ஆழம் கூடும். அவர் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார்: "அட்டையில் பிடித்த நிறத்துக்கு ஒரு படி கீழே எடு. நாலு சுவரும் சேர்ந்தால் தானாக ஏறிக்கொள்ளும்."

இது எப்படி என்று யோசித்தேன். சந்தன நிறச் சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் சிவப்பு ஒளியை 100க்கு 80 பங்கும் நீல ஒளியை 100க்கு 60 பங்கும் திருப்பி அனுப்புகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ச்சுவரில் பட்டு அது மறுபடி திரும்பினால் 64, 36. இன்னொரு முறை பட்டால் 51, 22. ஒவ்வொரு முறை சுவரில் மோதும்போதும் நீலம் வேகமாகக் குறைகிறது, வெளிச்சமே மஞ்சளாகிறது. அந்த மஞ்சள் வெளிச்சம் மஞ்சள் சுவரில் விழுகிறது. சின்ன அறையில் இது இன்னும் அதிகம். கடையில் தனியாக நின்ற அட்டைக்கு இந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. மேஸ்திரி எந்தக் கணக்கும் போடாமல் கண்ணால் அறிந்து வைத்திருந்ததை நான் தாள் எடுத்துக் கூட்டிக் கழித்துத் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னபடி இரண்டு நிறத்திலும் ஒரு படி வெளிர் எடுத்து அட்டைகளை மறுபடி அடித்தேன். இரண்டு நாள் போயிற்று. பரவாயில்லை.

அடுத்த சிக்கல் திசை. வடக்கு ஜன்னல் அறைக்கு நீலம் கலந்த குளிர் வெளிச்சம் வரும், அதனால் மஞ்சள் கூடிய நிறத்தை எடுக்க வேண்டும் என்று இணையத்தில் எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அதை எழுதியவர்கள் பெரும்பாலும் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவர்கள். அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுவதும் தெற்கில்தான். மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் ஒரு நாள், ஆகஸ்டு கடைசியில் ஒரு நாள், நட்ட குச்சிக்கு நிழல் விழாமல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நிழலில்லா நாள் என்று காட்டுகிறார்களே, அதுதான். அந்த இரண்டு நாட்களுக்கு நடுவில், சித்திரை தொடங்கி ஆடி கடக்கும்வரை, நம் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. நம் ஊரில் வடக்கு ஜன்னலுக்கு வருடத்தில் இரண்டு குணம். லண்டன் அறிவுரையை அப்படியே எடுத்து மதுரைச் சுவரில் பூசினால், சில மாதம் பொருந்தும், சில மாதம் பொருந்தாது.

அதோடு எங்கள் வடக்கு ஜன்னலுக்கு வானம் தெரியாது. எட்டடிச் சந்துக்கு அப்பால் பக்கத்து வீட்டு மாடி நிற்கிறது. அதன் தெற்குச் சுவர் முழுக்கக் கிளிப்பச்சை. மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே தாழ்ந்து, எங்கள் ஒற்றைத் தளத்துக்கு மேலாக அந்தச் சுவரில் நேரே விழுகிறது. அந்தச் சுவர் பச்சை விளக்கு போல எரிகிறது. பன்னிரண்டு மணிக்கு ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தேன். தாள் பச்சை. இத்தனை வருடம் அந்த அறையில் புழங்கியும் எனக்கு இது தெரியவில்லை. கண் பழகிக்கொண்டு, எல்லாம் வெள்ளை வெளிச்சம் என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்தப் பச்சையில்தான் இரண்டு நிறங்களும் முதல் முறையாக வேறு வேறு மனிதர்களைப் போலப் பிரிந்தன. காலையில் அமைதியாக இருந்த சந்தனம் நண்பகலில் பழுக்காத மாங்காய்த் தோல் மாதிரி ஆயிற்று. பித்தம் பிடித்த முகம் என்றாள் அம்மா. சருகோ தன்னிடமிருந்த சிவப்பைக் கொண்டு பச்சையைச் சரிக்கட்டி, ரோஜாச் சாயலை இழந்து, வெறும் பாலேடாக நின்றது. மாலை நாலரைக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் தாழ்ந்து உள்ளே வந்தபோது நிலைமை தலைகீழ். சந்தனம் பொன்னாயிற்று. அந்த முக்கால் மணி நேரம் அந்த அட்டை இருந்த அழகை இப்போதும் மறக்க முடியவில்லை. சருகு அப்போது காவியும் செம்மையும் ஏறி, பார்க்க வெக்கையாக இருந்தது. தரைச் சிவப்பும் வெயிலை மேலே எறிந்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் வைத்த அட்டை ஒரு நிறம், மேலே வைத்த அட்டை ஒரு நிறம்.

இரவில் இன்னொரு கதை. அறையில் இருந்தது 6500 கெல்வின் எல்இடி ட்யூப், பெரும்பாலான வீடுகளில் இருப்பது போல. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் ஏற ஏற நீலம் கூடும், இறங்க இறங்க மஞ்சள் கூடும். அந்த நீல வெள்ளையில் சந்தனம் சோகை பிடித்தது. சருகில் சாம்பல் படிந்தது. இரண்டுமே தோற்றன.

ஆறாம் நாள் பழைய சுவரைச் சுரண்ட ஆரம்பித்தார்கள். சுண்ணாம்பின் மேல் டிஸ்டெம்பர், அதன் மேல் டிஸ்டெம்பர் என்று அடித்து வந்திருந்ததால் எல்லாம் பொருக்குப் பொருக்காக நின்றது. அதன் மேல் பட்டி, அதாவது சுவரைச் சமனாக்கும் பூச்சு, நிற்காது, அடி வரைக்கும் எடுக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். பீரோ நின்ற இடத்தில் சுரண்டும்போது வரிசையாக வெளியே வந்தன: வெளிர் நீலம், தம்பி கல்யாணத்துக்கு அடித்த ரோஸ், நான் பத்தாம் வகுப்பு படித்தபோது இருந்த கடல் பச்சை, எல்லாவற்றுக்கும் அடியில் அப்பா அடித்த மஞ்சள்.

அப்பா போய் இப்போது ஒன்பது வருடம். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவரே சுண்ணாம்புக்கல் வாங்கி வந்து டிரம்மில் நீற்றி, வடிகட்டி, மஞ்சள் காவிப்பொடி கலந்து அடிப்பார். சுண்ணாம்பின் காரத்தில் பல சாயங்கள் வெளுத்துவிடும், காவி நிற்கும். வெளிச் சுவருக்கு நீலம் போட்ட வெள்ளை, இந்த அறைக்கு மட்டும் மஞ்சள். அம்மா சந்தனத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணமே அதுதான். "உன் அப்பா அடித்த நிறம் இப்படித்தான் இருக்கும். மெத்தென்று இருக்கும்" என்று முதல் நாள் முதல் சொல்லிவந்தாள்.

சுரண்டலில் உள்ளங்கை அளவு ஒரு சில்லு முழுசாகப் பெயர்ந்தது. எடுத்துப்போய் அம்மா கையில் கொடுத்தேன். வாசல் திண்ணையில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, புதுக் கண்ணால்.

"இது இல்லை" என்றாள்.

"இதுதான் அம்மா. அடிச்சுவரை ஒட்டி இருந்தது."

"இவ்வளவு மஞ்சளாகவா அடித்தார்?"

அது சந்தனத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. மஞ்சள் கிழங்கை அரைத்துப் பூசியது போல அடர்த்தி. அட்டையை அதன் பக்கத்தில் வைத்தால் அட்டை வெள்ளையாகத் தெரிந்தது. அம்மா வெகுநேரம் பேசவில்லை. அப்பாவின் நிறத்தையே தவறாக நினைவு வைத்திருந்துவிட்டோமோ என்று அவளுக்கு வருத்தம். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மேஸ்திரியிடம் சில்லைக் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போது இந்த அறையில் என்ன விளக்கு?" என்று கேட்டார். 40 வாட் குண்டு பல்பு. அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குண்டு பல்பின் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு; அதுவே மஞ்சள். மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் இடையே உள்ள தூரம் சுருங்கிவிடும். எத்தனை மஞ்சளும் வெளிறி, இளகி, சந்தனமாகத் தெரியும். அம்மா அந்த வருடங்களில் காலை ஏழரைக்குப் பள்ளிக்குக் கிளம்பினால் இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்புவாள். ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் அடுக்களையும் கொல்லையும். அந்த அறையை அவள் பார்த்தது இரவில்தான். அப்பா அடித்ததும் மஞ்சள்தான். அம்மா பார்த்ததும் சந்தனம்தான். அன்று மாலை ஒரு பழைய குண்டு பல்பைத் தேடிப் பிடித்து மாட்டி, சில்லை அதன் கீழ் வைத்து அம்மாவைக் கூப்பிட்டேன். பார்த்ததும் கையை நீட்டிச் சில்லை வாங்கிக்கொண்டாள். அது இப்போது அவள் பெட்டியில் இருக்கிறது.

அந்த இரவுக்குப் பிறகு சந்தனம் என்ற பிடி தளர்ந்தது. அன்றைய நிறம் அன்றைய விளக்குக்கும் அன்றைய வாழ்க்கைக்கும் உரியது. இன்று அம்மா அந்த அறையில் இருப்பது பகலில். காலை எட்டிலிருந்து மாலை வரை. மேற்கு வெயில் சந்தனத்தைப் பொன்னாக்கும் அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் அங்கே இருப்பதே இல்லை. மல்லிகைப்பூக்காரி வரும் நேரம் என்று வாசல் திண்ணைக்குப் போய்விடுவாள். நான்தான் அந்தப் பொன்னுக்கு மயங்கி, அம்மா இல்லாத நேரத்து அழகுக்காக அம்மா அறையைத் தீர்மானிக்கப் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வேதனையாகத்தான் இருக்கிறது, அவ்வளவு அழகு அது.

மிஞ்சியது கண் பற்றிய கேள்வி. வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. புரை முற்றினால் பழுப்பாகவும் ஆகும். அது நீல ஒளியை உள்ளே விடாமல் வடிகட்டும். மஞ்சளுக்கும் வெளிர் ரோஜாவுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு, ஒன்றில் நீலம் குறைவு, ஒன்றில் கூட என்பதுதான். அந்த நீலத்தை வடிகட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாகத் தெரிவதில் வியப்பில்லை. அம்மாவின் பழைய கண் பொய் சொல்லவில்லை. அதற்கு வந்து சேர்ந்ததை அது சொன்னது. ஓவியர் மோனேக்கு 1923இல் வலக்கண்ணில் புரை நீக்கினார்கள். அதன் பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று அவர் அவதிப்பட்டார். அம்மாவும் லென்ஸ் வைத்த மறுவாரம் தன் வெள்ளைப் புடவைகளைப் பார்த்து, நீலம் கூடிவிட்டது என்று சலவைக்காரரைக் கேட்கச் சொன்னாள்.

பதினோராம் நாள் காலை அவளே முடிவு சொன்னாள். "தை கழிந்தால் இந்தக் கண்ணும் அந்தக் கண்ணோடு சேர்ந்துவிடும். இனி பார்க்கப் போகிற கண்ணுக்கு அடி." பிறகு நண்பகல்வரை காத்திருந்து, சந்தன அட்டை பச்சையில் நனைவதை ஒரு முறை பார்த்து, தலையை ஆட்டி அதைக் கழற்றச் சொன்னாள். சருகு நின்றது.

நான் ஒரே ஒரு தயக்கம் சொன்னேன். வைகாசி, ஆனியில் சூரியன் வடக்கே போய்விடும். அப்போது பக்கத்து வீட்டுத் தெற்குச் சுவர் நிழலுக்குள் போகும். சந்தின் சிமென்ட் தரையில் வெயில் விழுந்து அங்கிருந்து வெளுப்பான வெளிச்சம் ஜன்னலுக்குள் வரும். பச்சை குறைந்தால் சருகின் ரோஜாச் சாயல் வெளியே தலைகாட்டும். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "கோடையில் வெளுத்த ரோஸ், மார்கழியில் பாலேடு. வருடத்துக்கு இரண்டு சுவர். உன் அப்பா கேட்டால் சந்தோஷப்படுவார்" என்றாள்.

மற்ற வேலைகளில் விரிவாகச் சொல்ல அதிகம் இல்லை. பட்டி இரண்டு கை, உப்புத்தாள் தேய்ப்பு, ப்ரைமர் ஒரு கை, எமல்ஷன் இரண்டு கை. மேற்பூச்சு பளபளப்பில்லாத மேட். பளபளப்பு இருந்தால் ஜன்னலோரச் சுவர் பச்சையைக் கண்ணாடி போல வாங்கிக் காட்டும். கூரை வெள்ளையாகவே இருக்கட்டும் என்று விட்டோம். ஒரே எண் என்றாலும் ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் இழையளவு மாறும் என்று மேஸ்திரி எல்லா டப்பாவையும் பெரிய வாளியில் கொட்டிக் கலக்கிவிட்டுத்தான் ரோலரைத் தொட்டார். ஒரு கடையில் கலந்து வாங்கிய முதல் டப்பா அட்டைக்கு ஒட்டாமல் சற்றே சிவந்திருந்தது. திறந்து ஒரு தீற்று பார்த்ததால் பிழைத்தோம். வேறு கடையில் கலந்தது சரியாக வந்தது. சுவரில் முழுசாக ஏறுமுன் ஒரு தீற்று பார்த்துவிடுங்கள், அவசரம் எதுவானாலும்.

ட்யூப் லைட்டை மட்டும் நான் பிடிவாதமாக மாற்றினேன். 6500ஐக் கழற்றிவிட்டு 3000 கெல்வின் எல்இடி மாட்டினேன். பழைய குண்டு பல்பின் வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்ட வருவது அது. படிப்பதற்குத் தலைமாட்டில் தனியாக ஒரு 4000. இரவில் சருகுக்கு இப்போது ரோஜா தெரியாது. மெத்தென்ற ஒரு மஞ்சள் வெளுப்பு. அதற்குச் சந்தனம் என்று பெயர் வைக்கலாமா என்று கேட்டால் அம்மா சிரிப்பாளே தவிர பதில் சொல்ல மாட்டாள்.

தை கடைசியில் இடக்கண்ணிலும் லென்ஸ் வைத்தாயிற்று. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தாள். இப்போது இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. ஜன்னல் கம்பிகளில் துரு இருப்பது தெரிகிறதாம்.

பக்கத்து வீட்டில் ஆவணியில் கல்யாணம். ஆனிக்குள் வெளிச் சுவருக்கு வண்ணம் அடிக்கப் போகிறார்கள், இன்னும் நிறம் முடிவாகவில்லை என்று கேள்விப்பட்டோம். நேற்று மாலை திண்ணையில் அம்மாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், சந்துக்கு அப்பால், சந்தன அட்டையை அந்தக் கிளிப்பச்சைச் சுவரின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டு அம்மாவிடம் ஏதோ விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.